டிஎஸ்எச் நார்மல், ஃப்ரீ டி4 குறைவு: அக்காவுக்குத் தைராக்ஸின் ஆரம்பிக்கலாமா?

மலர்:
அக்காவுக்கு வயது 36. இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல், நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். அப்போதே பால் சுரக்கவில்லை. பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. இன்னும் அவளுக்கு மாதவிலக்கு திரும்பவில்லை. மே மாதத்திலும் ஃபேன் போட விடமாட்டாள். தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் எப்போது பார்த்தாலும் 2-ஐ ஒட்டியே வரும், தைராய்டு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். போன வாரம் வாந்தி, மயக்கம் என்று அட்மிட் செய்தோம். ரத்தத்தில் சோடியம் 119, ரொம்பக் குறைவு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 0.4 (லேப் அளவு 0.8 முதல் 1.8). சித்தி தான் போடும் தைராய்டு மாத்திரை தைராக்ஸினையே இவளுக்கும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ராஜி:
டிஎஸ்எச் 2 நல்ல அளவுதானே மலர்? என் டாக்டர் அதை மட்டும் பார்த்துத்தான் டோஸ் மாற்றுகிறார்.

கோமதி:
மலர், தைராக்ஸினை இப்போது தொடவே வேண்டாம். எனக்கு ஷீஹன் சிண்ட்ரோம். அக்காவுக்கும் அதுவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

கர்ப்பத்தில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெருத்துவிடும், ரத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். பிரசவத்தில் உதிரம் கொட்டி பிரஷர் விழுந்தால் அந்தச் சுரப்பி பட்டுப்போகும். ஷீஹன் என்ற மருத்துவர் 1937-லேயே எழுதிவைத்த நோய் இது. ராஜி சொல்வது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி கெட்டவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்குப் பிட்யூட்டரி டிஎஸ்எச்சை அதிகமாக அனுப்பும், ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும். அனுப்புகிற இடமே பழுதானால் டி4 தரையில் கிடந்தாலும் டிஎஸ்எச் நார்மல் என்றே வரலாம். அதனால்தான் இத்தனை வருஷம் கைவிட்டுப் போகிறது.

அக்குள் முடி உதிர்ந்துவிட்டதா என்று அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். கூச்சத்தில் நாங்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு முதலில் போனது அதுதான்.

பிட்யூட்டரி படுத்தால், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் ஹார்மோனும் குறையும், அதனால் சோடியமும் இறங்கும். கார்டிசாலைச் சரிசெய்யாமல் தைராக்ஸின் கொடுத்தால், இருக்கிற கொஞ்சமும் வேகமாகக் கரைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சோடியம் 119 என்பதைப் பார்த்துத்தான் இவ்வளவு சொல்கிறேன். நாளைக்கே ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் எண்டோகிரைனாலஜி டாக்டரிடம் போங்கள். காலை 8 மணி கார்டிசால் எடுக்கச் சொல்வார்கள். பிரசவத்தில் நடந்ததை, பால் வராததை நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

மலர்:
கோமதி அக்கா, போய் வந்தோம். கார்டிசால் 1.6தான், ரொம்பக் குறைவாம். எம்ஆர்ஐயில் பிட்யூட்டரி இருக்கும் இடம் காலியாகத் தெரிகிறது. கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை காலை 10 மில்லிகிராம், மதியம் 5, தைராக்ஸின் அப்புறம்தானாம். நேற்று அவளே எழுந்து தோசை சுட்டாள். முடி விஷயமும் நீங்கள் சொன்னதுதான். காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டச் சொன்னார்கள், எனக்குச் சரியாகப் புரியவில்லை.

கோமதி:
படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு ஆக்குவோம். எத்தனை நாள் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையா, வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசி 100 மில்லிகிராம் போடுவார்கள். அதைச் சொல்லும் சீட்டு அக்கா பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். விரதம், ஊர்ப்பயணம், எதற்காகவும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. அப்புறம், தைராக்ஸின் ஆரம்பித்த பிறகு டோஸ் சரியா என்று பார்க்க ஃப்ரீ டி4 எடுங்கள். டிஎஸ்எச் இனி அவளுக்கு உதவாது.