கலைச்சொல் உதவி: ஆம்ப்ளிஃபயரின் 'கெய்ன்' திருகுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

காரில் தனியாக வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோவோடு ஆம்ப்ளிஃபயரையும், தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபரையும் இணைப்பது பற்றி வாகன மின்னியல் மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஃபியூஸுக்கு உருகி இருக்கிறது, ஆம்ப்ளிஃபயருக்குப் பாடநூலில் பெருக்கி இருக்கிறது. 'கெய்ன்' என்று எழுதியிருக்கும் சின்னத் திருகில்தான் நின்றுவிட்டேன்.

பாடநூல் அதைப் பெருக்கம் என்கிறது. சமன்பாட்டில் அது சரி, வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவது பெருக்கம்தான். ஆனால் ஆம்பின் மேல் இருக்கும் திருகை அப்படிச் சொன்னால், படிக்கிற பையன் சத்தம் போதவில்லை என்று அதைக் கடைசி வரை திருப்பிவிடுவான். அந்தத் திருகின் வேலை சத்தம் கூட்டுவது இல்லை. ஆம்புக்கு ஒலியை மின் சைகையாக அனுப்பும் ஆர்சிஏ முனையில் ஒரு ஸ்டீரியோவில் 2 வோல்ட் வரும், இன்னொன்றில் 4 வோல்ட், சிலவற்றில் 5 வோல்ட். எத்தனை வோல்ட் உள்ளே வரும்போது முழுத் திறனையும் தர வேண்டும் என்று ஆம்புக்குச் சொல்வதுதான் அந்தத் திருகு. இந்தப் பொருளைத் தாங்கும் சொல் ஒன்று வேண்டும். உதவுங்கள்.

* * *

> கடைசி வரை திருப்பிவிடுவான்

மேடம், வேலைக்கு வரும் வண்டிகளில் நான் பார்ப்பது இதேதான். திருகு முழுக்கத் திரும்பியிருக்கும், சப்வூஃபரின் சுருள் கருகியிருக்கும். ஆம்பால் தர முடிந்ததற்கு மேல் கேட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். உச்ச மின்னழுத்தம் அதேதான், ஆனால் முழுச் சதுர அலையாகிவிட்டால் அதில் இருக்கும் திறன் சைன் அலையைப் போல இரண்டு மடங்கு. அத்தனையும் சுருளில் சூடாக இறங்குகிறது. ஆக நீங்கள் தேடும் சொல்லுக்கு ஒரு நிஜமான வேலை இருக்கிறது.

ஆனால் திருகுக்குப் போகும் முன் பெருக்கி என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். "ஒலிபெருக்கியின் முனைகளைப் பெருக்கியின் வெளியீட்டில் இணைக்கவும்" என்று எழுதினால் படிக்கிறவன் திணறுவான். விழா மேடையில் கட்டும் குழாயும் ஒலிபெருக்கி, உள்ளே இருக்கும் ஆம்பும் பேச்சில் ஒலிபெருக்கி, கதவில் இருக்கும் ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி. எது எதில் சேர வேண்டும் என்பதுதான் இந்தப் பாடமே. ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரை ஆம்பின் வெளியீட்டு முனையில் ஒருவன் செருகிவிட்டால் இரண்டும் போய்விடும். என் கருத்து: ஆம்ப், ஸ்பீக்கர், கெய்ன் மூன்றையும் அப்படியே விடுங்கள். பட்டறையில் எல்லாரும் சொல்வது அதுதான்.

* * *

அம்மாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

பட்டறையில் சொல்கிறார்கள் என்பதற்காக ஏட்டிலும் அதையே எழுதினால் உருகி என்ற சொல் நமக்குக் கிடைத்திருக்காது. உருகு என்ற வினையோடு, வினைமுதற்பொருள் தரும் இகர விகுதி சேர்ந்தது உருகி. தானே உருகித் தன் பின்னால் இருப்பதைக் காக்கும் பொருளுக்கு இதைவிடச் சுருக்கமான பெயர் எந்த மொழியில் இருக்கிறது? அதே வாய்ப்பாட்டில் சப்வூஃபருக்கு உறுமி என்று வையுங்கள். ஆங்கிலத்தில் வூஃபர் என்பது நாய் குரைக்கும் ஒலியிலிருந்து வந்தது, ட்வீட்டர் என்பது குருவியின் கீச்சொலியிலிருந்து. நம்மிடம் உறுமு என்ற வினை இருக்கிறது, நாயும் உறுமும், புலியும் உறுமும். அதன் பெயரிலேயே தோற்கருவி ஒன்றும் இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்தக் கீழொலியை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

இனி திருகுக்கு வருகிறேன். நம் இசைநூல்கள் தாழ்ந்த ஒலி நிலையை மெலிவு என்றும், நடு நிலையைச் சமன் என்றும், உயர்ந்ததை வலிவு என்றும் சொல்கின்றன. இவற்றை இங்கே எடுத்தாள முதலில் நினைத்தேன், ஆனால் காருக்குள் இருக்கையை அதிர வைக்கும் ஒலியை மெலிவு என்றால் இன்றைய வாசகருக்குப் பொருள் தலைகீழாகிவிடும். அதனால் விட்டேன். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டுச் செயல்கள் வருகின்றன: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. முதலாவதான பண்ணல் என்பது, பாட எடுத்துக்கொண்ட பண்ணுக்கு ஏற்றபடி நரம்புகளை இறுக்கிச் சேர்ப்பது. அம்மா கேட்பது இதேதான் இல்லையா? வருகிற மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஆம்பைச் சேர்த்து வைக்கும் செயல். வாசிப்பு தொடங்கும் முன்பு ஒரு முறை செய்வது, நடுவில் கூட்டிக் குறைப்பது அல்ல. எனவே பண்ணல் திருகு.

* * *

ஐயா, பண்ணல் அழகான சொல். ஆனால் "பண்ணலைச் சரியாகப் பண்ணவும்" என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பண்ணு என்பது இன்று செய் என்பதற்கு மேல் எதையும் உணர்த்துவதில்லை. இன்னொன்று, பண்ணல் என்பது செயலின் பெயர். நமக்கு அந்தத் திருகு காட்டும் அளவின் பெயர் வேண்டும், ஏனென்றால் அதன் ஓரத்தில் எண்கள் இருக்கின்றன.

அந்த எண்களைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. பல ஆம்புகளில் ஒரு முனையில் 6 வோல்ட், மறு முனையில் 0.2 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். வலப்பக்கம் திருப்பத் திருப்ப எண் குறையும். பெருக்கம் என்று பெயர் வைத்தால், பெருக்கம் கூடும்போது எண் ஏன் குறைகிறது என்று மாணவர் குழம்புவார். எண் சொல்வது ஆம்ப் முழுத் திறனுக்கு ஏற்கும் உள்ளீட்டை. ஆகவே ஏற்பளவு. ஸ்டீரியோ 4 வோல்ட் தந்தால் ஏற்பளவும் 4 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும், 0.2-இல் வைத்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதுமே அலை வெட்டுப்படத் தொடங்கும். பெயரும் எண்ணும் ஒரே திசையில் போகின்றன. உணர்திறன் என்று சொல்லலாமே என்பீர்கள். அது ஸ்பீக்கருக்குத் தேவை: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

அப்புறம், பாடத்தில் 'புவி இணைப்பு' என்று போட்டிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். கார் ரப்பர் டயரின் மேல் நிற்கிறது, அதற்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. பேட்டரியின் எதிர்முனை சேர்ந்திருப்பது வண்டியின் இரும்பில். சட்டக இணைப்பு என்று எழுதினால், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் போல்ட் போட வேண்டும் என்பது சொல்லிலிருந்தே விளங்கிவிடும்.

* * *

சட்டக இணைப்பு நன்றாக இருக்கிறது மேடம், ஆனால் கூடவே 'பாடி எர்த்' என்றும் ஒரு முறை எழுதுங்கள். வெளியே வேலைக்குப் போனால் அவன் காதில் விழப்போவது அதுதான்.

ஏற்பளவை ஒரு வேலைக் குறிப்பில் போட்டுப் பார்த்தேன். "சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடவும். பாஸ், லவுட்னஸ் எதுவும் கூட்டியிருக்கக் கூடாது. ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எண் 34.6 வரும் வரை ஏற்பளவுத் திருகை மெதுவாகத் திருப்பவும்." 300 வாட், 4 ஓம் என்று கொண்டால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது அந்த 34.6. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆம்பின் மேல் ஆங்கிலத்தில் கெய்ன் என்றுதான் அச்சாகியிருக்கும். புத்தகத்தில் ஏற்பளவு, கையில் கெய்ன் என்றால் அவன் அந்தத் திருகை எங்கே போய்த் தேடுவான்?

* * *

தம்பி கேட்பது நியாயம். அதற்கு விடை, படத்தில் அம்புக்குறி போட்டுத் தமிழ்ப்பெயர் எழுதுவது. சொல்லைக் கைவிடுவது விடை ஆகாது.

ஏற்பளவின் மேல் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்றும் பொருள் உண்டு, ஆத்திசூடியில் ஔவை இகழ்ச்சி என்று சொன்னது அந்த ஏற்றலைத்தான். அதையும் தள்ளி வைப்போம். ஏற்பளவு 4 வோல்ட் என்றால் அதற்கு மேல் வந்தால் ஆம்ப் தாங்காது என்ற உச்ச வரம்பாகவே ஒருவர் புரிந்துகொள்வார். இயல்பாக வரும் பொருள் அதுதான். பண்ணலில் இந்த இடர் இல்லை. புழக்கத்தில் பொருள் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள், தேய்ந்த சொல்லுக்குப் பழைய பொருளை மீட்டுத் தருவதுதானே கலைச்சொல் ஆக்குபவரின் வேலை. அதை நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

* * *

உச்ச வரம்பு என்று புரிந்துகொண்டால் கெட்டுப்போவது எதுவும் இல்லை ஐயா. அப்படிப் புரிந்துகொண்டவர் 4 வோல்ட் வருகிற இடத்தில் 0.2-இல் வைக்கத் தயங்குவார். பிழையாகப் படித்தாலும் கை சரியான பக்கம் போகிறது. பெருக்கத்தைப் பிழையாகப் படித்தால் சுருள் எரிகிறது. ஒரு பாடத்துக்கு எனக்கு இந்த வேறுபாடு போதும்.

* * *

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும், அதனால் இப்படி முடித்திருக்கிறேன்.

திருகுக்கு ஏற்பளவு. முதல் முறை வரும் இடத்தில் 'கெய்ன் என்று அச்சிட்டிருக்கும் ஏற்பளவுத் திருகு' என்று எழுதியிருக்கிறேன், படத்திலும் இரண்டும் உண்டு. சமன்பாடு வரும் பகுதியில் மட்டும் பாடநூலின் பெருக்கம் இருக்கும், இரண்டும் ஏன் வேறு என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டும் பாடம் முழுக்க அப்படியே. ஒலிபெருக்கி, பெருக்கி சிக்கலைப் பட்டறை நண்பர் சொன்ன பிறகு என்னால் வேறு முடிவு எடுக்க முடியவில்லை. சட்டக இணைப்பும் பாடி எர்த்தும் சேர்ந்தே வருகின்றன. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி இருக்க வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

சப்வூஃபருக்கு உறுமி வைத்துவிட்டேன் ஐயா. வகுப்பில் சொல்லிப் பார்த்ததும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு 4 ஓம் சுருள் உள்ள உறுமியைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம், தொடரிணைப்பில் 8 ஓம் என்று அவர்களே எழுதிக் காட்டினார்கள்.

* * *

உறுமியை ஏற்றதற்கு நன்றி அம்மா. ஏற்பளவை இந்தப் பதிப்பு வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன். என் குறிப்பேட்டில் பண்ணல் என்றுதான் இருக்கும், அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை உறுமிக்கும் மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடும் கிராஸ்ஓவருக்குப் பாடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? வடிகட்டி என்றால் நான் ஒப்ப மாட்டேன். எதையும் வடித்துக் கொட்டவில்லையே, இரண்டாகப் பகுக்கிறது. பகுப்பி சரியாக வருமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.