பொருள்: ‘லீட் கொம்பவுண்ட்’ தமிழில் எப்படி? (சனிக்கு முன் வேண்டும்)

கிளிநொச்சி, இரசாயன ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை உயர்தர வகுப்புக்கு ரியூட் (பாடக்குறிப்புத் தாள்) அடிக்க வேண்டும். மூட்டுவாதம், அழற்சி, தன்னிர்ப்பீடன நோய்கள் (உடம்பின் நோய்க்காவலே உடம்பைத் தாக்குபவை) என்பவற்றுக்குப் புதுமருந்து எப்படி உருவாகிறது என்பது தலைப்பு. நொதியம் (என்சைம்), நிரோதி (அதன் வேலையைத் தடுப்பது), பிறபொருளெதிரி (அன்ரிபொடி) எல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். ஏராளமான சேர்வைகளைச் சலித்து, அழற்சியில் பங்குள்ள நொதியத்தோடு ஓரளவாவது ஒட்டுகிற ஒன்றைப் பிடிக்கிறார்களே, அந்த லீட் கொம்பவுண்ட். ஆங்கிலத்தில் வழிகாட்டும் ‘லீட்’டுக்கும் ஈயத்துக்கும் ஒரே எழுத்து என்பதால், கணினி மொழிபெயர்ப்பு ‘ஈயச் சேர்வை’ என்று தந்தது. நஞ்சையா மருந்தாக்குகிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

அது இன்னும் மருந்தாகவில்லை. வயிற்றைக் கெடுக்கலாம், ஈரலைத் தாக்கலாம், குடலில் உறிஞ்சப்படாமலே போகலாம். ஆனால் போக வேண்டிய திசையைக் காட்டிவிடும். சலிசிலிக்கமிலத்துக்கு மூட்டு நோவு கேட்டது, வயிறு புண்ணானது. 1897இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹொஃப்மன் அதனுடன் அசற்றைல் கூட்டத்தைச் சேர்த்து அஸ்பிரினாக்கினார். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரொஃபாசிற்றினிப், அழற்சிச் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஜாக் நொதியத்தை அடக்குகிறது. அதுவும் சலித்தெடுத்த ஒரு சேர்வையைத் திருத்தித் திருத்தி வந்ததுதான்.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, ‘துப்புச் சேர்வை’ என்று வையுங்கோ. துப்பு என்றால் உளவு, வலிமை, உணவு, பவளம். ‘துப்பார்க்குத் துப்பாய’ என்று வள்ளுவர் அந்தச் சொல்லை எப்படிச் சுழற்றுகிறார் பாருங்கோ.

அதைவிட முக்கியமான ஒன்று. நிர்ப்பீடனம் என்ற வடசொல்லை ஏன் இன்னும் சுமக்கிறோம்? முற்றுகைக்குள்ளான மதிலைக் காப்பவர் சூடியது நொச்சிப்பூ. புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சிப் படலம் என்றே உண்டு. தொல்காப்பியர் அதை மதில் முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணைக்குள் அடக்கினார் என்பீர்கள், அடக்கட்டும். உடம்பின் காவலை ‘நொச்சிமை’ என்போம். காவற்படை தன் மதிலையே இடித்தால் ‘தன்னொச்சிப் பிணி’. முழங்கால் வீங்கினால் அம்மம்மாமார் அவித்து ஒத்தடம் பிடித்ததும் நொச்சி இலைதான். கிளிநொச்சி என்று ஊர்ப்பெயரிலேயே இருக்கிற சொல்லை வேறெங்கே தேடுவது?

வவுனியா, மருந்தாளர்:

ஐயா, நொச்சி அழகான சொல். ஆனால் பிள்ளை பரீட்சையில் ‘நொச்சிமை’ என்று எழுதினால் திருத்துபவர் புள்ளி போடமாட்டார். துப்பு என்றால் வகுப்பில் எச்சில்தான் நினைவுக்கு வரும். ‘முன்னோடிச் சேர்வை’ என்றால் எல்லாருக்கும் விளங்குமே.

மன்னார், மொழிபெயர்ப்பாளர்:

சேர்வையா, சேர்மமா? இணையத்தில் தேடுகிற பிள்ளைக்குத் தமிழகத்துச் சேர்மம்தான் கிடைக்கிறது. அதையும் ஒருமுறை யோசியுங்கள்.

கிளிநொச்சி:

அக்கா, பாடப்புத்தகம் சேர்வை என்கிறது, அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. முன்னோடியில்தான் சிக்கல். உடம்பில் அழற்சியையும் நோவையும் தூண்டும் புரொஸ்ரகிளாண்டின், அரக்கிடோனிக்கமிலத்திலிருந்து உண்டாவதால் அந்த அமிலத்தை அதன் முன்னோடி என்று எழுதுகிறோம். அந்த மாற்றத்தை அஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் காட்டியதும் இதே ரியூட்டில் வருகிறது. ஒரே பக்கத்தில் ஒரு சொல் இரண்டு பொருளில் நிற்கலாமா? ‘சுவடு’ என்றால் சுவட்டு மூலகம் (மிகச் சிறிதளவே தேவைப்படும் மூலகம்) குறுக்கே நிற்கிறது. அதனால் ‘தடச்சேர்வை’ என்கிறேன். காட்டில் தேன் எடுக்கப் போகிறவர் தடம் பிடித்துத்தான் போவார். தடம் கிடைத்த கையோடு தேன் கிடைத்துவிடாது, இன்னும் நடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

முள்ளியவளை:

‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல். தடச்சேர்வை என்றால் பெருஞ்சேர்வை என்றாகிவிடும், பிள்ளை.

வவுனியா:

ஐயா, உரியியலை நினைத்துக்கொண்டு உயர்தர வகுப்பில் யாரும் வாசிக்கப் போவதில்லை. தங்கச்சியின் தடை நியாயம்தான். ஆனாலும் தடச்சேர்வையைக் கேட்டவுடன் எனக்கே விளங்கவில்லை. முன்னோடிக்கே என் வாக்கு.

கிளிநொச்சி:

வெள்ளி இரவாகிவிட்டது. முன்னோடிக்கு ஐந்து பேர், தடத்துக்கு என்னோடு இரண்டு பேர். சரி, ‘முன்னோடிச் சேர்வை’ என்றே போட்டோகொப்பிக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். குழம்பாமல் இருக்க, அரக்கிடோனிக்கமிலம் வரும் இடத்தில் ‘மூலப்பொருள்’ என்று மாற்றினேன். கரும்பலகையில் மட்டும் தடச்சேர்வையையும் பக்கத்தில் எழுதுவேன்.

முள்ளியவளை:

எழுதுங்கோ. நொச்சிமையை நான் விடவில்லை, அதற்குத் தனி மடல் வரும்.