டொமினிக்காவின் கொதிக்கும் ஏரி: ஒரு கேள்வி

கேள்வி:
கரீபியன் தீவான டொமினிக்காவின் மோர்ன் த்ருவா பித்தோன் தேசியப் பூங்காவில் ஓர் ஏரி கொதித்துக்கொண்டிருப்பதாகப் படித்தேன். எழுபது சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புக்குள் எரிமலையும் மழைக்காடும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? ஏரி வரை நடந்து செல்ல முடியுமா?

பதில் 1:
முதலில் ஒன்று: பலரும் குழப்பிக்கொள்ளும் டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. பூங்கா 1975இல் உருவாக்கப்பட்டு, 1997இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயருக்குரிய மலை 1,342 மீட்டர் உயரமுள்ளது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று இத்தகைய முகடுகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால் அங்கே பெருமழை பெய்கிறது. அந்த மழையும் எரிமலை மண்ணும் சேர்ந்தே காட்டை வளர்க்கின்றன.

ஏரி என்பது உண்மையில் நீர் நிறைந்த ஓர் ஆவித்துளைதான், அதாவது எரிமலைப் பகுதியில் நீராவியும் வாயுக்களும் வெளியேறும் திறப்பு. மழையும் ஓடைகளும் கொண்டுவரும் நீரை, அடியிலுள்ள கற்குழம்பிலிருந்து எழும் சூடான வாயுக்கள் கொதிக்க வைக்கின்றன. 2004ஆம் ஆண்டின் இறுதியில் நீர்மட்டம் திடீரென வீழ்ந்து, பின்னர் மீண்டும் நிரம்பியது.

பதில் 2:
நடந்து செல்லலாம், ஆனால் எளிதன்று. லோடா என்ற ஊரருகே தொடங்கும் பாதையில் போய்வர ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ஆகும். வழியில் வரும் பாழ்பள்ளத்தாக்கில் கந்தக நெடியும் கொதிசேறும் இருப்பதால், வழிகாட்டியின்றி இறங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா என்று கேட்க நினைத்திருந்தேன், இனிக் கேட்கமாட்டேன்.

பதில் 2:
விளிம்பிலேயே ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும். குளிப்பதற்கு மரகதக் குளம் இருக்கிறது. அதுவும் இதே பூங்காவில்தான்.