பின் கண்ணாடியில் பிளேடு வைக்காதீங்க: டின்ட் ஃபிலிம் உரித்த அனுபவங்கள்

பழைய காராக வாங்கினேன். வாங்கும்போதே நான்கு கதவுக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிம் இருந்தது. போகப்போக அது ஊதாவாக வெளுத்தது. சாயம் ஏற்றிய ஃபிலிம் வெயிலில் அப்படித்தான் ஆகும், சாயம் சிதைந்துவிடும். பசை விட்டுப்போன இடமெல்லாம் கொப்புளம். ராத்திரியில் பின்னால் வரும் ஒரு வண்டியின் விளக்கு ஏழெட்டாகச் சிதறித் தெரியும். ரிவர்ஸ் எடுக்கப் பயமாகிவிட்டது. அதனால்தான் நானே உரிக்க உட்கார்ந்தேன்.

முதல் கதவில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூலையை நகத்தால் கிளப்பி வெடுக்கென்று இழுத்தேன். பெரிய துண்டாக வந்ததும் சந்தோஷப்பட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மேல் ஏடு மட்டும்தான் கையில் இருக்கிறது. அடி ஏடும் பசையும் கண்ணாடியோடு அப்படியே நிற்கின்றன. பார்க்க ஒற்றைத் தாள் மாதிரி இருந்தாலும் பல ஃபிலிம்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பாலியஸ்டர் ஏடுகள் இருக்கும். வேகமாக இழுத்தால் அவை பிரிந்துவிடும். அந்த ஒரு கண்ணாடியைச் சுத்தம் செய்யவே அரை நாள் போனது.

இரண்டாவது கதவில் முறையை மாற்றினேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, மேல் விளிம்பை வெளியே தெரிய வைத்தேன். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டினேன். கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு வந்ததும், மூலையைக் கிளப்பி, ஃபிலிமைக் கண்ணாடியை ஒட்டினாற்போல மடக்கி, மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுத்தேன். இழுக்கும் கோட்டில் கண்ணை வையுங்கள். பசை நூல் நூலாக எழும்பி ஃபிலிமோடு வந்தால் சூடு சரியாக இருக்கிறது. கண்ணாடியில் சாம்பல் நிறப் படலம் தங்கினால் சூடு போதவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி காட்டுங்கள். அந்தக் கண்ணாடி ஒரே துண்டாக வந்தது. தங்கிய கொஞ்சப் பசையைச் சோப்புத் தண்ணீர் அடித்து ஊறவிட்டு, புது பிளேடைச் சாய்வாகப் பிடித்து, ஒரே திசையில் தள்ளி எடுத்தேன். பிளேடைப் பின்னால் இழுக்கக் கூடாது, காய்ந்த கண்ணாடியிலும் வைக்கக் கூடாது. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் தடித்த டவல் ஒன்றைச் செருகிவிடுங்கள், வழியும் தண்ணீர் ஜன்னல் ஸ்விட்சுக்குள் இறங்காது.

இந்தத் தைரியத்தில் பின் கண்ணாடிக்கும் பிளேடோடு போய்விட்டேன். அங்கே குறுக்கே ஓடும் டிஃபாகர் கோடுகள் (சூடாகிக் கண்ணாடியில் படியும் பனியை விலக்குபவை) கண்ணாடிக்குள் புதைந்தவை என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்பக்கத்து மேற்பரப்பில் அச்சிட்டுச் சுட்ட வெள்ளிக் கலவை அது. ஃபிலிம் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. பிளேடு ஒரு தடவை லேசாகத் தடுக்கியது, அவ்வளவுதான். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் டிஃபாகரைப் போட்டால், மற்றக் கோடுகளைச் சுற்றியெல்லாம் பனி விலகுகிறது, மேலிருந்து மூன்றாவது கோட்டில் மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெளுத்த பட்டை. கோட்டில் எள்ளளவு அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் செத்துப்போகும். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. பின் கண்ணாடிக்கு நீராவி காட்டிச் சூடாக்கி விரலால் உரித்தாலே போதும், பிளேடு வேண்டாம், இன்னொரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

*

பதில்: எனக்கும் ஒரு கோடு அறுந்தது, ஆனால் சரிசெய்ய முடிந்தது. டிஃபாகரைப் போட்டு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை வண்டியின் உலோக பாடியில் (எர்த்) வைத்து, மறு முனையைக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். வோல்டேஜ் சட்டென்று மாறும் இடம்தான் அறுந்த இடம். கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்டைத் தடவி, நன்றாகக் காயவிட்டேன். இப்போது அந்தக் கோடும் சூடாகிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

*

பதில்: நான் அம்மோனியா முறையில் எடுத்தேன். கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்து, கறுப்புக் குப்பைப் பையைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி ஒட்டினேன். உள்ளே ஃபிலிமின் மேல் அம்மோனியாவை அடித்து, அதன் மேலும் ஒரு பை. வண்டியை நல்ல வெயிலில் நிறுத்திவிட வேண்டியதுதான். கறுப்புப் பை சூட்டை இழுக்கும், அம்மோனியா காயாமல் நின்று பசையை இளக்கும். பின் கண்ணாடி பிளேடே இல்லாமல் வந்துவிட்டது.

ஆனால் அந்த நெடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் எல்லாக் கதவையும் திறந்துவைத்தும் கண் எரிந்து வெளியே ஓடி வந்தேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அம்மோனியாவுக்குத் தகுந்த மாஸ்க்கும் கட்டாயம் வேண்டும். சீட்டையும் பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டையும் பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள், தோல் சீட்டில் பட்டால் கறை விழும். முக்கியமாக, பிளீச் கலந்த எதையும் கிட்டக்கூடக் கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலைக் கெடுக்கும் குளோரமின் வாயு வரும். வீட்டில் குழந்தைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் நீராவியோடு நின்றுவிடுவது நல்லது.

*

பதில்: உரிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். கண்ணாடியை இறக்கி, மேல் விளிம்பைப் பாருங்கள். ஃபிலிமாக இருந்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய கோடாக முடியும். எங்கள் வண்டியின் பின்கதவில் அந்தக் கோடே இல்லை. ஒரு மணி நேரம் சூடு காட்டிய பிறகுதான் தெரிந்தது, அது கண்ணாடிக் கலவையிலேயே சேர்த்த நிறம். அதை எதுவும் எடுக்காது.