ரிங் புளோயர் 40 நிமிடத்தில் ஓவர்லோடு ட்ரிப்: வால்வை மூடினால் ஆம்ப்ஸ் ஏறுவது ஏன்?

தொட்டிமீன்:
பயோஃப்ளாக் (கழிவை நுண்ணுயிர்க் கூட்டமாக மாற்றும் மீன் வளர்ப்பு) தொட்டி ஆறு, தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர், தொட்டிக்கு 8 ஏர் ஸ்டோன். காற்று தருவது 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் ரிங் புளோயர், சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே இம்பெல்லர்). நேம் பிளேட்டில் 3.4 ஆம்ப்ஸ், அதிகபட்சம் 190 மில்லிபார். காற்று தேவைக்கு மேல் வந்ததால் புளோயர் வாயிலேயே கேட் வால்வு போட்டு பாதி மூடி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டி ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறப்பது), பிறகு 2 இன்ச் பிவிசி லைன். ஓடத் தொடங்கி 40 நிமிடத்தில் ரிலே விழுகிறது. இன்னும் கொஞ்சம் மூடினால் லோடு குறையும் என்று பார்த்தால், டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் பார்க்கும் மீட்டர்) 3.9 காட்டுகிறது. பிவிசி பைப் வாய்ப்பக்கம் வளைந்தே போய்விட்டது. ரீவைண்டிங் பண்ண வேண்டும் என்கிறார் மோட்டார் கடைக்காரர். ரிலேயை 4.2க்கு ஏற்றி ஓட்டலாமா?

காற்றுவழி:
ரிலேயில் கை வைக்காதீர்கள், மோட்டார்தான் போகும். ரீவைண்டிங்கும் இப்போதைக்கு வேண்டாம். கோளாறு அந்த கேட் வால்வில்.

மையவிலக்கு ஃபேனில் வாயை மூடினால் ஆம்ப்ஸ் இறங்கும். அந்தப் பழக்கத்தில் ரிங் புளோயரையும் நினைத்துவிடுகிறோம். இதில் நேர் எதிர். இம்பெல்லரின் விளிம்பில் வரிசையாக பிளேடுகள், பக்கத்திலேயே கேசிங்கில் வளையமாக ஒரு கால்வாய். பிளேடு காற்றை வெளிப்பக்கம் வீசும், அது கால்வாயில் சுருண்டு அடுத்த பிளேடின் அடியில் நுழையும், மறுபடி உதை வாங்கும். ஒரே சுற்றில் இப்படிப் பலமுறை உதை வாங்கித்தான் அழுத்தம் ஏறுகிறது. வாய் திறந்திருந்தால் காற்று ஓரிரு சுருளோடு வெளியே போய்விடும், மோட்டாருக்கு வேலை குறைவு. வாயை மூட மூட அதே காற்று உள்ளேயே திரும்பத் திரும்பச் சுழலும். ஆம்ப்ஸ் ஏறும், சூடும் ஏறும், சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்றும் இருக்காது. உங்கள் பிவிசி வளைந்தது அதனால்தான். 60 டிகிரியைத் தாண்டினாலே அது இளக ஆரம்பிக்கும்.

0–400 மில்லிபார் கேஜ் ஒன்று வாங்கி, கேட் வால்வுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பாருங்கள். பைப்பைக் கழற்றிவிட்டு வெறும் வாயோடு ஓடும்போது எத்தனை ஆம்ப்ஸ் என்பதும் வேண்டும். மீன் இருக்கும் தொட்டி என்றால் மாற்றுக் காற்று ஏற்பாட்டோடு செய்யுங்கள்.

தொட்டிமீன்:
வால்வுக்கு முன்னால் 225, பின்னால் 150. பைப் இல்லாமல் 2.3 ஆம்ப்ஸ். ஆனால் அப்படி ஓடும்போது ‘சர்ர்’ என்று மெல்லிய உரசல் சத்தம். போன மாதம் பேரிங் மாற்றியதிலிருந்து இருக்கிறது.

காற்றுவழி:
190க்கு மேல் போகக் கூடாத மெஷின் 225ல் ஓடியிருக்கிறது. ரிலீஃப் வால்வு கேட் வால்வுக்குப் பின்னால் இருப்பதால் அது பார்த்தது 150ஐ மட்டும், திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. புளோயருக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவே மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

கணக்கு இதுதான்: 1 மீட்டர் தண்ணீருக்கு 98 மில்லிபார், 1.2 மீட்டருக்கு சுமார் 118. ஸ்டோனிலும் பைப்பிலும் போவது அதற்கு மேல். கேட் வால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போடுங்கள். டீயின் கிளையில் பால் வால்வும் சைலன்சரும் வைத்து, மிச்சக் காற்றை வெளியே விடுங்கள். கேஜ் நிரந்தரமாக அங்கேயே இருக்கட்டும். முதல் 2 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், அதன் பிறகு பிவிசி.

பம்ப்_செட்:
வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டு, 50க்குப் பதில் 35 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கரண்ட் பில்லும் மிச்சமாகுமே சார்?

காற்றுவழி:
காற்றளவு வேகத்தோடு நேராகக் குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும். 35 ஹெர்ட்ஸில் பாதி அழுத்தம்கூட மிஞ்சாது. 190ல் பாதி 95, தண்ணீரே 118 கேட்கிறது. குமிழே வராது. 45 வரை இறக்கிப் பார்க்கலாம், கேஜைப் பார்த்துக்கொண்டே.

தொட்டிமீன்:
டீ போட்டாச்சு. கிளையைக் கொஞ்சம் திறந்ததும் 155 மில்லிபார், 3.0 ஆம்ப்ஸ். காலையிலிருந்து ட்ரிப் இல்லை. சத்தம் மட்டும் போகவில்லை அண்ணா.

லேத்து_பட்டறை:
அது ஷிம் விஷயம் தம்பி. இம்பெல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் மெல்லிய வளையங்கள் இருக்கும். கேசிங்குக்கும் இம்பெல்லருக்கும் உள்ள இடைவெளியை அவைதான் நிர்ணயிக்கின்றன. அந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பேரிங் மாற்றும்போது ஒரு ஷிம் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு பழைய பேரிங்கோடு குப்பைக்குப் போவது சகஜம்.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு முன் கவரைக் கழற்றி இம்பெல்லர் முகத்தைப் பாருங்கள். ஒரே பக்கம் பளபளவென்று வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஷிம் குறைகிறது, இல்லை கூடுகிறது. பின்பக்கம் உரசினால் ஷிம் சேர்க்கணும், கவர் பக்கம் உரசினால் எடுக்கணும். இம்பெல்லரை புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியல் பட்டால் அலுமினியம் பிளேடு உடையும், அல்லது பேலன்ஸ் போய்விடும். கடையில் கிடைக்கும் வாஷர் வேண்டாம், 0.1 மி.மீ. ஷிம் தகடு கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சூடானால் இம்பெல்லர் விரியும், அதனால் ஒட்டி வைக்கக் கூடாது.

பேரிங்கும் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். சி3 கிளியரன்ஸ் (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி), சூடு தாங்கும் கிரீஸ் இல்லாத சாதாரண பேரிங் என்றால் இதே வேலை சீக்கிரமே திரும்ப வரும்.

காற்றுவழி:
திறந்த கையோடு, காற்று உள்ளே போகும் பக்கத்து ஃபில்ட்டரையும் தட்டிப் பாருங்கள். ஃபில்ட்டர் அடைத்தாலும் மோட்டாருக்கு அதே சுமைதான், அதை வாய்ப்பக்க கேஜ் காட்டாது. லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (திரும்பி வராமல் தடுப்பது) இருக்கிறதா என்று எழுதவில்லையே. புளோயர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போன நேரத்தில் தொட்டித் தண்ணீர் பைப் வழியாக உள்ளே வந்து நிற்கும். அப்படியே ஸ்டார்ட் ஆனால் பிளேடு உடையும்.

தொட்டிமீன்:
வால்வு இல்லை. புளோயர் தரையில்தான் இருக்கிறது. நாளைக்கே மேடை கட்டி ஏற்றுகிறேன்.