மல்டிசைட்டிலிருந்து ஒரு தளத்தை மட்டும் பிரித்தெடுக்க உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் இணையத்தளம், வேறு பல சங்கங்களின் தளங்களோடு சேர்ந்து ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட்டில் (ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் முறை) இயங்குகிறது. இரணைமடுக் குளத்தின் சிறுபோக நீர்ப்பங்கீட்டு அறிவித்தல்கள், கூட்ட அறிக்கைகள், வான்கதவுகள் திறக்கப்பட்டபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. அதை மட்டும் தனி டொமைனுக்கு மாற்ற வேண்டும். ஏனைய தளங்கள் இருந்தபடியே இருக்க வேண்டும்.

வழமையான எக்ஸ்போர்ட் பதிவுகளையும் பக்கங்களையும் தருமே தவிர, தீம் அமைப்புகளையும் விட்ஜெட்டுகளையும் தராது என்பதால், தரவுத்தளத்தையே பிரிக்க எண்ணியுள்ளேன். எங்கள் தளத்தின் எண் 5; அந்த எண்ணை முன்னொட்டில் கொண்ட அட்டவணைகளையும், அப்லோட்ஸ் கோப்புறைக்குள் அதே எண்ணில் உள்ள கோப்புறையையும் எடுப்பது கடினமன்று. சிக்கல் பயனர்களில்தான். பயனர் அட்டவணைகள் இரண்டும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றை முழுதாகக் கொண்டுபோனால் மற்றச் சங்கத்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொல் ஹாஷ்களும் எங்களிடம் வந்துவிடும், அது முறையன்று. எங்கள் பயனர்களை மட்டும், அவர்களின் அடையாள எண் மாறாமல் (மாறினால் பதிவுகள் வேறொருவர் பெயருக்குப் போய்விடும்) எடுப்பதற்கான எஸ்கியூஎல் வினவல் யாரிடமாவது உண்டா?

தள முகவரி மாற்றத்தை டபிள்யூபி சிஎல்ஐயின் (வேர்ட்பிரஸுக்கான கட்டளைவரிக் கருவி) சேர்ச் ரிப்ளேஸ் கட்டளையால் செய்வேன். சீரியலைஸ் செய்த தரவில் (ஒரே சரமாக்கிச் சேமித்த அமைப்புகளில்) ஒவ்வொரு சொற்சரத்தின் நீளமும் பைட்டுகளில் பதியப்பட்டிருப்பதால், முகவரியின் நீளம் மாறினால் அது பொருந்தாமல் போகும்; ஆகவே நோட்பேடில் மாற்றும் யோசனையைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். புதிய தளத்திலும் 5 உள்ள முன்னொட்டையே வைத்து, பயனர் அட்டவணைகளுக்கு மட்டும் அதற்கேற்பப் பெயர் மாற்றினால் அனுமதிகள் அப்படியே வேலை செய்யுமென எண்ணுகிறேன். அவ்வாறு செய்து பார்த்தவர்கள், பின்னர் ஏதும் பிளகின் தகராறு செய்ததா என்பதையும் அறியத்தந்தால் நன்று. பெரும்போக விதைப்புக்கு முன் மாற்றியாக வேண்டும்.