பழைய கணினிக்கு இலவச வீடியோ எடிட்டர் எது? குரல் வேறு பின்தங்குகிறது

கத்தரிக்கோல்:
வணக்கம். வீட்டில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. போனில் எடுத்த வீடியோக்களை வெட்டிச் சேர்த்து, கொஞ்சம் இசை போட்டு, தமிழில் தலைப்பு வைத்தால் போதும். இலவசம் என்று ஒன்றை இறக்கினேன். ஓடவிட்டால் திக்குகிறது, எக்ஸ்போர்ட் செய்தால் நட்டநடுவில் வாட்டர்மார்க். போதாக்குறைக்கு, போகப் போக வாயசைப்பு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். காசு கட்டாமல் வேறு எது போடலாம்?

டைம்லைன்தாசன்:
டாவின்சி ரிசால்வ். யோசிக்கவே வேண்டாம். இலவசப் பதிப்பிலேயே வாட்டர்மார்க் இல்லை, 4கே வரை எக்ஸ்போர்ட் ஆகும். கலர் வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நத்தைரேம்:
தாசன் சார், அவர் கணினியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா? :) ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது, ரேமும் 16 ஜிபி கேட்கும். இவருக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும். இரண்டுமே திறமூலம், உள்ளே ஓடும் எஞ்சின்கூட ஒன்றுதான், எம்எல்டி. வாட்டர்மார்க் பேச்சே கிடையாது. புதியவர் என்றால் ஷாட்கட்டில் ஆரம்பியுங்கள்.

பழையகை:
எடிட்டரை மாற்றினால் வாட்டர்மார்க் போகும். திக்குவதும் குரல் விலகுவதும் போகுமா என்பது சந்தேகம். போன் கேமரா செட்டிங்கில் வீடியோ எந்த வடிவம் என்று பாருங்களேன்.

கத்தரிக்கோல்:
ஹெச்.265 என்று இருக்கிறது அண்ணா.

பழையகை:
நினைத்தேன். ஹெச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் விரித்துக் காட்டக் கணினி படாதபாடு படும். இன்டெல்லில் அதற்கான முழு வன்பொருள் வசதி ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. உங்களுடையதில் பாரமெல்லாம் பிராசசர் தலையில்தான் விழுகிறது.

குரல் விலகுவதற்குக் காரணம் வேறு. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். போன் எல்லா நேரமும் ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 என்பது சட்டென்று இறங்கிவிடும். எடிட்டர் சீராக 30 இருப்பதாக நம்பி அடுக்கினால், படம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். குரல் மட்டும் அதன் நேரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக மோசமாகிறது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு வீடியோவையும் கணினிக்கு இலகுவான ஹெச்.264 வடிவத்துக்கு மாற்றுங்கள். ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, பக்கத்தில் 'கான்ஸ்டன்ட்' என்பதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள், அதை விட்டால் மாற்றியும் பயனில்லை. பிறகு ஷாட்கட்டின் செட்டிங்ஸ் மெனுவில் பிராக்ஸியை இயக்குங்கள். எடிட் செய்யும்போது சிறிய நகல் ஓடும், எக்ஸ்போர்ட்டில் முழுத்தரக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். இனி எடுப்பதைப் போனிலேயே ஹெச்.264-ல் எடுத்தால் பாதித் தலைவலி குறையும்.

கத்தரிக்கோல்:
நீளமான ஒரு வீடியோவை மாற்றிப் பார்த்தேன், கடைசிவரை குரல் விலகவில்லை. ஷாட்கட்டில் ஓட்டமும் பரவாயில்லை. மாற்றத்தான் வெகுநேரம் பிடிக்கிறது. தமிழ்த் தலைப்பு எப்படி வரும்? முன்பு போட்டதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது.

நத்தைரேம்:
நேரம் பிடிக்கத்தான் செய்யும், இரவில் வரிசையாக ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். தலைப்புக்கு யூனிகோட் எழுத்துரு மட்டும் வையுங்கள். முதலில் 'கொடி' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால் சரியாக விழுந்தால் கவலையில்லை. சிதறினால் எடிட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேல் டிராக்கில் வைத்துவிடலாம்.

பழையகை:
ஷாட்கட் சேமிக்கும் எம்எல்டி கோப்பில் வீடியோ இருக்காது, எது எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்புதான் இருக்கும். அதனால் வேலை முடியும்வரை வீடியோக்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம் தம்பி.